சிலப்பதிகாரத்தில் நகரின் நற்பெயரும் வேற்றூரார் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நகரை நாடி வேற்றூர் மக்கள் வருவதற்கு அந்நகரின் வளமும் அழகும் மட்டும் போதா. அங்கே அச்சமின்றித் தங்கலாம் என்ற பெயரும் வேண்டும். இப்பெயர் எவ்வாறு உருவாகிறது, யாரால் பரப்பப்படுகிறது, அதை நம்பி வருபவரை அது எந்த அளவிற்குக் காக்கிறது என்னும் வினாக்களைச் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் நுட்பமாக எழுப்புகிறது. மதுரைக்காஞ்சி, பட்டினப்பாலை, மணிமேகலை ஆகிய நூல்களின் நகர வருணனைகளோடு ஒப்பிட்டு அவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. மதுரையின் நற்பெயர் பொய்யன்று. ஆயினும் அது நகரத்தாரையும் அவர்தம் உடைமையையும் காப்பது பற்றிய பெயரேயன்றிப் புதிதாக வந்தவனைக் காப்பது பற்றிய பெயரன்று என்பதே கோவலன் கொலையின்வழி வெளிப்படும் உண்மை என இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: சிலப்பதிகாரம், மதுரைக்காஞ்சி, ஊர்காண் காதை, ஊர்காப்பாளர், நகரப் பாதுகாப்பு, நற்பெயர், சுற்றுலா.

முன்னுரை

சுற்றுலா நகரங்களின் வளர்ச்சி குறித்துப் பேசுவோர் பாதுகாப்பையும் நற்பெயரையும் இணைத்தே பேசுவர். பயணி தான் காணாத ஊரைப் பிறர் சொல்லக் கேட்டே தேர்கிறான். அப்பேச்சில் அந்த ஊரின் காட்சிகளுக்கு நிகரான இடம் அங்கே நேரக்கூடிய இடர்களுக்கும் உண்டு. இது இக்காலத்துச் சிந்தனை மட்டுமன்று. பழந்தமிழ் நூல்கள் மதுரை, புகார், வஞ்சி ஆகிய பெருநகரங்களைப் பாடும்போது அவற்றின் அங்காடிகளையும் விழாக்களையும் காவலையும் சேர்த்தே பாடியுள்ளன. பல மொழி பேசும் மாந்தர் வந்து கலந்து வாழ்வதை நகரின் பெருமையாகவும், அவர்கள் அச்சமின்றி வாழ்வதை அரசனின் பெருமையாகவும் அவை காட்டுகின்றன.

சிலப்பதிகாரத்தை அணுகிய ஆய்வுகள் பெரும்பாலும் பதிகம் கூறும் மூன்று உண்மைகளை வழிகாட்டியாகக் கொண்டவை. அரசியலில் பிழைத்தோரை அறமே தண்டிக்கும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை வந்து தன் பயனை ஊட்டும் என்ற அம்மூன்றனுள் கோவலன் கொலை முதலாவதற்கும் மூன்றாவதற்கும் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அதாவது கொலைக்குக் காரணம் பாண்டியனின் பிழை, அல்லது கோவலனின் பழவினை. இவ்விரு விளக்கங்களும் நூலுக்குள்ளேயே இருப்பவை, மறுக்கத்தக்கவை அல்ல. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே காப்பியம் விரிவாகக் காட்டும் மற்றொன்று உண்டு. மதுரை என்னும் நகரின் புகழ், அப்புகழை நம்பிய பயணம், அப்புகழுக்கு உரியவர்களான காவலர் கையால் நேர்ந்த முடிவு என்னும் தொடர்பே அது. அத்தொடர்பை முதன்மைப்படுத்தி வாசிப்பதே இங்கு நோக்கம்.

மதுரைக்காஞ்சி காட்டும் இரவுக் காவல்

மதுரையின் நற்பெயரை உருவாக்கிய நூல்களுள் மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி முதன்மையானது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி நிலையாமையை அறிவுறுத்தும் இப்பாட்டு 782 அடிகளைக் கொண்டது, பத்துப்பாட்டுள் நெடியது. நாளங்காடி, அல்லங்காடி, துலாக்கோல் போன்ற நடுவுநிலை உடைய அறங்கூறவையம், திருவோண விழா என நகரின் ஒரு நாள் வாழ்வை இது வரிசைப்படுத்துகிறது. மதுரையின் புகழ் வானுலகத்தாரும் வந்து காண விரும்பத்தக்கது என்னும் கருத்தும் இதில் உண்டு. காண்பதற்குரிய நகரம் என்ற எண்ணம் இங்கேயே வேரூன்றிவிட்டது எனலாம்.

இரவை வருணிக்கும் பகுதியில் புலவர் மறைக்காமல் கள்வரையும் காட்டுகிறார். பெண்யானையின் தோல் போன்ற கருமையில் ஒளிந்து, நீலக்கச்சு அணிந்து, நூலேணியை இடையில் சுற்றி, நிலத்தை அகழும் உளியோடு அணிகலன்களை விரும்பித் திரிபவர்கள் அவர்கள். அவர்களின் மறைவிடத்தை ஒற்றறிந்து, களிற்றைப் பார்த்திருக்கும் புலிபோல் விழித்திருப்பவர் ஊர்காப்பாளர். களவு பற்றிய நூல்களைக் கற்றுத் தேர்ந்த இவர்கள் மழை பொழியும் நள்ளிரவிலும் தளர்ச்சியின்றித் தெருக்களில் நடக்கின்றனர்.

இவ்வருணனையில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவதாக, கள்வரே இல்லாத நகர் என்று மதுரை புகழப்படவில்லை. கள்வரை வெல்லும் காவல் உடைய நகர் என்றே புகழப்படுகிறது. இரண்டாவதாக, காவலின் சிறப்பு கல்வியில் உள்ளது. கள்வனை அடையாளம் காணும் அறிவு காவலரிடம் உண்டு என்ற நம்பிக்கையே நகரின் உறக்கத்திற்கு அடிப்படை. மூன்றாவதாக, இக்காவல் காப்பது நகரத்தார் உடைமையை. இரவில் தெருவில் நிற்கும் வேற்றூரான் காவலர் கண்ணுக்கு எப்படித் தோன்றுவான் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. அது மன்னனைப் பாடும் பாட்டு, அவ்வினா அதற்குரியதன்று. அவ்வினாவை எழுப்பியவர் இளங்கோவடிகள்.

புகாரின் ஐவகை மன்றங்கள்

மதுரையை அணுகுவதற்கு முன் இளங்கோவடிகள் புகாரைக் காட்டிவிடுகிறார். புகாரின் வணிகச் சிறப்பைக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையும் பாடியுள்ளது. 301 அடிகளால் ஆன அப்பாட்டில் சுங்கம் கொள்வோர் ஓய்வறியாது பொதிகளுக்குப் புலிச்சின்னம் பொறிக்கின்றனர். பிற நாட்டார் பல மொழியினராய்க் கலந்து வாழ்கின்றனர். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. புதியவர்கள் வந்து தங்கும் நகரில் நம்பிக்கை எவ்வாறு நிலைநிறுத்தப்படுகிறது என்பதை ஐவகை மன்றங்களின்வழி அது விளக்குகிறது.

அவற்றுள் வெள்ளிடை மன்றம் இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. புதியராய் வந்த வணிகர் தம் பெயரும் அளவும் எழுதிய பொதிகளை அங்கே வைத்துச் செல்வர். கதவில்லை, தாழில்லை, உடையவர் காவலும் இல்லை. திருட முயல்வோர் அப்பொதியைத் தலையில் சுமந்து இறக்கவியலாது சுழல்வர். பூதசதுக்கத்தில் பொய்ச்சான்று கூறுவோரும் புறங்கூறுவோரும் பூதத்தின் கையில் அகப்படுவர். அரசன் முறை தவறினால் பாவை மன்றத்துப் பாவை பேசாமல் கண்ணீர் சொரியும்.

இவை தெய்வத் தன்மை ஏற்றப்பட்ட அமைப்புகள் ஆயினும் அவற்றின் கருத்து தெளிவானது. புதியவரின் பொருளுக்குப் பெயர் உண்டு, அப்பெயர் மதிக்கப்படும். பொய் சொல்பவன் கேட்கப்படாமல் தப்ப முடியாது. அரசன் தவறினால் அத்தவறு உடனே வெளியே தெரியும். புகாரின் பாதுகாப்பு என்பது காவலரின் விழிப்பு மட்டுமன்று. பொருளின் உரிமை, சான்றின் உண்மை, ஆட்சியின் நேர்மை ஆகிய மூன்றும் சேர்ந்த ஏற்பாடு. இம்மூன்றும் இல்லாதவிடத்து விழிப்பான காவல் என்ன செய்யும் என்பதே மதுரைக் காண்டத்தின் கதை.

கேள்வி, சான்று, காட்சி: புகழ் பரவும் வழிகள்

மதுரையின் நற்பெயர் கோவலனை மூன்று வழிகளில் வந்தடைகிறது.

முதலாவது கேள்வி. இழந்த பொருளை மீட்கச் சிலம்பை முதலாகக் கொண்டு வணிகம் செய்ய அவன் தேர்ந்த நகரம் மதுரை. வழித்துணையாக வந்த கவுந்தியடிகளும் தீமை நீங்கிய மதுரையில் அறவோரிடம் அறவுரை கேட்கும் விருப்பத்தோடு உடன் வருகிறார். வணிகனுக்கு வாணிகம், துறவிக்கு அறம் என வேறு வேறு நோக்கம் உடையோர் இருவரையும் ஒரே பெயர் ஈர்க்கிறது.

இரண்டாவது சான்று. காடுகாண் காதையில் எதிர்ப்படும் மாங்காட்டு மறையோன் பாண்டிய நாட்டின் சிறப்பைக் கண்குளிரக் கண்டு வருவதாகச் சொல்லி மன்னனை வாழ்த்துகிறான். திருவரங்கத்திலும் வேங்கடத்திலும் திருமாலைக் காணப் புறப்பட்ட அவன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும், அவற்றின் இயல்பையும், இடைவழித் தெய்வம் மயக்கும் இடரையும் விரித்துரைக்கிறான். இக்காலச் சுற்றுலாக் கையேட்டின் பணியை அவன் உரை செய்கிறது. கண்டவன் சொல் என்பதால் கேள்விப் புகழுக்கு இது உறுதி சேர்க்கிறது.

பாதுகாப்புப் பற்றிய பெயர் பயணத்தின் போக்கையே தீர்மானிக்கும் இடம் புறஞ்சேரி இறுத்த காதையில் வருகிறது. பகல் வெயிலைக் கண்ணகியின் அடிகள் தாங்கா என்பதால் இரவில் செல்லலாம் என்கிறான் கோவலன். அதற்கு அவன் கூறும் காரணம் கருதத்தக்கது. பாண்டியர் செங்கோல் காக்கும் நாட்டில் கரடி புற்றைத் தோண்டாது, புலி மானை எதிர்க்காது, பாம்பும் முதலையும் இடியும் வழிச்செல்வோர்க்குத் துன்பம் தரா என்ற புகழ் எங்கும் பரவியிருக்கிறது என்கிறான். அவன் சொல்வது தான் கண்டதை அன்று; பரவிய இசையை. அவ்விசையை நம்பி ஒரு பெண்ணையும் ஒரு துறவியையும் உடன் கொண்டு இரவில் காட்டைக் கடக்கிறான். அந்நம்பிக்கை பொய்க்கவும் இல்லை. வழியில் எதுவும் அவர்களைத் தீண்டவில்லை. இதற்கு முந்தைய வேட்டுவ வரியில் வழிப்பறியால் வரும் வளம் வற்றி எயினர் ஊர் அடங்கிக் கிடப்பதைச் சாலினி குறைகூறுகிறாள். பாண்டிய நாட்டு வழிகளின் பாதுகாப்புக்கு, அதனால் வருவாய் இழந்தவர்களின் வாயிலிருந்தே கிடைத்த சான்றாக இதனைக் கொள்ளலாம்.

மூன்றாவது நேர்க்காட்சி. ஊர்காண் காதை என்னும் பெயரே ஊரைச் சுற்றிக் காண்பதைக் குறிப்பது. தன் நிலையை மதுரை வணிகர்க்கு உணர்த்தி வருவதாகச் சொல்லிக் கோவலன் நகருள் புகுகிறான். ஆனால் காதை காட்டுவது அவ்வணிகரைச் சந்தித்ததை அன்று. யானைகள் செல்லும் சுருங்கை வழி, கணிகையர் தெருக்கள், மணிக்கடைகள், பொற்கடைகள், அறுவைக் கடைகள், கூல வீதி எனக் கண்டு திரிந்ததையே. மணிக்கடைத் தெரு பகைவரால் வரும் அழிவை அறியாதது என்று வருணிக்கப்படுகிறது. முடிவில் அவன் மகிழ்ச்சியோடு மதிற்புறம் திரும்புகிறான். அடுத்த காதையின் தொடக்கத்திலேயே மதுரையின் சிறப்பையும் தென்னவன் கொற்றத்தையும் கவுந்தியடிகளிடம் எடுத்துரைக்கிறான். புகழைக் கேட்டு வந்தவன் தானே புகழைப் பரப்புபவனாக மாறிவிடுகிறான்.

கேட்டதும், பிறர் கண்டு சொன்னதும், தானே கண்டதும் ஒத்திருக்கின்றன. ஏமாற்றமோ மிகைக்கூற்றோ இல்லை. எனவே கோவலனின் முடிவைப் பொய்ப் புகழுக்கு ஏமாந்தவன் கதையாக வாசிக்க இயலாது. புகழ் பேசியது புலியையும் பாம்பையும் பகைவரையும் பற்றி. இடர் வந்தது அப்புகழ் பேசாத திசையிலிருந்து.

புதுவன் என்னும் அடையாளம்

நகருள் புகும்போது வாயிற்காவலரான யவனர் ஐயுறாதபடி கோவலன் புகுந்தான் என்கிறது காப்பியம். ஐயத்திற்கு இடமின்றிப் புகுதல் என்னும் இக்குறிப்பு, புதியவன் ஒவ்வொருவனும் ஐயத்திற்கு உரியவன் என்ற நகரின் இயல்பையும் உடன் சொல்லிவிடுகிறது. அதற்கு முன்பே மதில்மேல் ஆடிய கொடிகள் வரவேண்டா என்று கைகாட்டுவன போல் அசைந்தன எனவும், வையை மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்தது எனவும் இளங்கோவடிகள் கூறியுள்ளார். இவை தற்குறிப்பேற்ற அணிக்குச் சான்றாக வகுப்பறைகளில் காட்டப்படுபவை. புகழை நம்பி வருபவனுக்கு நகரமே தரும் எச்சரிக்கையாகவும் இவை அமைகின்றன. அகழியும் பொறிகளும் சூழ்ந்த மதில் உள்ளிருப்போர்க்கு அரண். வெளியிலிருந்து வருவோர்க்கு அதுவே தடை.

வணிகர்கள் கோவலன் பெயரைக் கேட்ட அளவில் ஏற்றுக்கொள்வர் எனக் கவுந்தியடிகள் அடைக்கலக் காதையில் நம்பிக்கை தெரிவிக்கிறார். புகாரில் மாசாத்துவான் மகன் என்ற பெயர் ஒருவனுக்குப் போதிய அறிமுகம். மதுரையில் அப்பெயர் ஒருமுறைகூடக் கேட்கப்படவில்லை. மதுரையின் பெயர் புகார்வரை பரவியிருக்க, கோவலனின் பெயர் மதுரையின் ஒரு தெருவிலும் செல்லுபடியாகவில்லை. பயணி ஒவ்வொருவனும் அடையும் நிலை இது: ஊரின் பெயரை அவன் அறிவான், அவன் பெயரை ஊர் அறியாது.

இந்த இடைவெளியைப் பொற்கொல்லன் சரியாகக் கணிக்கிறான். அரசியின் சிலம்பை ஏற்கெனவே கவர்ந்தவன் அவன். அக்களவு வெளிப்படுமுன் அதனை இடம்பெயர்ந்து வந்த இப்புதியவன்மேல் ஏற்றிவிடலாம் என எண்ணுகிறான். அவன் எண்ணத்தில் கோவலனுக்கு இடப்படும் பெயர் 'புதுவன்' என்பதே. தோற்றமோ நடத்தையோ அன்று, புதியவனாய் இருத்தலே பழியேற்கும் தகுதி ஆகிறது. புகாரின் வெள்ளிடை மன்றத்தில் புதியவரின் பொதிமீது பெயர் எழுதப்பட்டிருந்தது. மதுரையில் புதியவன் கையிலிருந்த சிலம்புக்குப் பெயர் இல்லை. இவ்விரு காட்சிகளையும் இணைத்து நோக்கும்போது புகார்க் காண்டத்து மன்ற வருணனை வெறும் நகரச் சிறப்பாக நில்லாமல் மதுரைக் காண்டத்திற்கு அளவுகோலாகிறது. பொய்ச்சான்று கூறியவனைப் பூதம் பற்றியபோது அவன் தாயின் துயர் கண்டு தன்னுயிரைத் தர முன்வந்தவன் கோவலன் என்பதை, அவன் அகநகர் புகுமுன் மாடலன் வாயால் நினைவூட்டுவதும் இந்நோக்கிலேயே பொருள் பெறுகிறது. பொய்ச்சொல்லுக்குத் தண்டனை கிடைக்கும் ஊரிலிருந்து, பொய்ச்சொல் அரசன் செவிவரை தடையின்றிச் செல்லும் ஊருக்கு அவன் வந்திருக்கிறான்.

காவலரின் கல்வி

கொலைக்களக் காதையில் மதுரைக்காஞ்சியின் ஊர்காப்பாளர் மீண்டும் தோன்றுகின்றனர். அரசியின் ஊடலைத் தணிக்கச் செல்லும் பாண்டியன், தன் தேவியின் சிலம்பு அவனிடம் இருப்பின் அவனைக் கொன்று அதைக் கொண்டுவருமாறு அவர்களுக்கு ஆணையிடுகிறான். விசாரணை என்னும் படி முழுமையாக நீங்கிவிடுகிறது. இதுவரை இது அரசனின் பிழை. ஆனால் காப்பியம் அங்கே நில்லாமல் காவலரின் உரையாடலுக்கு இடம் தருகிறது.

கோவலனைக் கண்ட காவலருள் ஒருவன், இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றம் அன்று என்கிறான். நேர்க்காட்சியால் வந்த தீர்ப்பு அது; சரியானதும்கூட. அதை மறுக்கப் பொற்கொல்லன் களவு நூலை எடுத்தோதுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எண்வகைத் துணைகளைக் கள்வர் கொள்வர் என்று விளக்குகிறான். கன்னக்கோல் இல்லாமலும் மந்திரத்தால் காவலரை உறங்கச் செய்து களவாடக் கூடும் என முன்பே அரசனிடம் கூறியவன் அவன். கருவி இருந்தால் கள்வன். இல்லாவிட்டால் மந்திரம் வல்ல கள்வன். இத்தகைய வாதத்தில் குற்றமற்றவன் தன்னை நிறுவ எந்த வழியும் இல்லை.

பின்னர் இளைய காவலன் ஒருவன் தன் அனுபவத்தைச் சொல்கிறான். மழை பெய்யும் நள்ளிரவில் நீல ஆடை அணிந்து, நிலம் அகழும் உளியோடு, அணிகலன் விருப்பத்தால் கொடிய புலிபோல் வந்த ஒருவன் தன் வாளையே பறித்து மறைந்தான் என்கிறான். மதுரைக்காஞ்சியின் காட்சி ஏறத்தாழ அதே சொற்களால் இங்கே மீண்டும் வருகிறது. நீல உடை, உளி, அணிகலன் வேட்கை, மழையிரவு ஆகிய எல்லாம் உள்ளன. மாறியது ஒன்றே. மதுரைக்காஞ்சியில் புலியாக உவமிக்கப்பட்டவர் காவலர். இங்கே புலியாகத் தோன்றுபவன் கள்வன். காவலரின் அஞ்சாமை இருந்த இடத்தில் இப்போது அச்சம் இருக்கிறது. பழைய பாட்டு பெருமையாகச் சொன்னதை இளங்கோவடிகள் அஞ்சியவனின் நினைவாக மாற்றியிருக்கிறார். இம்மாற்றத்தைத் தற்செயலான சொல்லொப்புமையாகக் கொள்வதினும், மதுரையின் நற்பெயரை அதன் மறுபுறத்திலிருந்து காணும் முயற்சியாகக் கொள்வதே காப்பியப் போக்குக்குப் பொருந்தும்.

இறுதியில் வெட்டுபவன் கற்ற காவலன் அல்லன். கல்லாத களிமகன் ஒருவன். ஐயுற்றவன் ஒதுங்கி நிற்க, நூலறிவு பொய்யனின் வாயில் கருவியாக, அச்சம் நினைவாக எழ, ஆராயாதவன் வாளை எடுக்கிறான். கள்வரைக் கண்டறிய வல்லது என்ற புகழைக் காக்கும் காவல், கள்வனாக ஒருவனைக் கண்டே தீரவேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது. உண்மைக் கள்வன் அவர்களுக்கு வழிகாட்டியாக அருகிலேயே நிற்கிறான்.

நற்பெயரை மீட்டல்

வழக்குரை காதையில் கண்ணகி தன்னை அறிமுகப்படுத்தும் முறையும் நகரப் பெயரைச் சார்ந்தது. புறாவுக்காகத் தன்னைத் தந்த சோழனையும், பசுவின் துயர் தீர்க்க மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் சொல்லி, அத்தகைய புகார் தன் ஊர் என்ற பின்னரே கணவன் பெயரைக் கூறுகிறாள். கோவலனுக்குக் கிடைக்காத வாய்ப்பை அவள் கேட்டுப் பெறுகிறாள்: ஊரும் பெயரும் சொல்லும் வாய்ப்பு. சிலம்பின் பரல் மாணிக்கம் எனத் தெரிந்ததும் பாண்டியன் தன்னையே கள்வன் என்கிறான். தென்னாட்டு மக்களைக் காக்கும் காவல் தன்னால் பிழைத்தது என்று கூறி உயிர்விடுகிறான். பிழைத்தது 'காவல்' என அவனே பெயரிடுவது கருதத்தக்கது.

இதன்பின் காப்பியத்தில் நற்பெயர் மீட்கப்படும் மூன்று முயற்சிகள் காணப்படுகின்றன. முதலாவது மதுராபதித் தெய்வத்தின் கூற்று. பாண்டியர் முறை தவறாதவர் என்பதற்குத் தெய்வம் சான்றுகள் தருகிறது. அவற்றுள் ஒன்று தங்கால் ஊர் வார்த்திகன் கதை. வழிப்போக்கனாக வந்த அந்தணன் பராசரன் சிறுவன் ஒருவனுக்குத் தந்த அணிகலன்களைக் கண்டு, அச்சிறுவனின் தந்தை வார்த்திகன் புதையலைக் கவர்ந்தான் எனக் காவலர் சிறையிடுகின்றனர். ஐயை கோயில் கதவு மூடிக்கொண்ட பின்னரே அரசன் உண்மையறிந்து விடுவிக்கிறான். செங்கோன்மைக்குச் சான்றாகச் சொல்லப்படும் இக்கதை, அணிகலன் வைத்திருந்த குற்றமற்றவனைக் கள்வன் எனப் பிடிப்பது அந்நாட்டில் முன்பும் நிகழ்ந்தது என்பதையும் உடன் உரைக்கிறது. புகழ்ச்சிக்குள்ளேயே குறை பதிவாகியுள்ளது.

தெய்வம் கூறும் முற்பிறப்புச் செய்தியும் இதனோடு ஒத்தது. சிங்கபுரத்து அங்காடியில் பொருள் விற்க வந்த கபிலபுரத்து வணிகன் சங்கமனை ஒற்றன் எனப் பிடித்துக் கொல்வித்தவன் பரதன். அவனே மறுபிறப்பில் கோவலன். ஊழின் விளக்கமாக இது அமைகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊழ் தேர்ந்த குற்றம் எது என்பதை நோக்க வேண்டும். வேற்றூரிலிருந்து வந்த வணிகனைப் புதியவன் என்பதாலேயே ஐயுற்று, விசாரணையின்றிக் கொன்ற குற்றம் அது. எனவே ஊழ் பற்றிய விளக்கம் நகரின் பொறுப்பை நீக்கவில்லை. ஒரு நகரில் நிகழ்ந்தது மற்றொரு நகரிலும் நிகழக்கூடியது என அதை விரிவாக்குகிறது.

இரண்டாவது முயற்சி செங்குட்டுவனின் கூற்று. முறை தவறிய செய்தி தன்னைப் போன்ற வேந்தர் செவிக்கு எட்டுமுன் பாண்டியன் உயிர்விட்டு, வளைந்த கோலைச் செங்கோலாக நிமிர்த்தினான் என்கிறான் அவன். செய்தி பரவும் விரைவுக்கும் உயிர் நீங்கிய விரைவுக்கும் இடையே போட்டி வைக்கும் இக்கூற்றில், அரசர்களுக்கு நற்பெயர் எத்தகைய பொருள் என்பது தெளிவாகிறது.

மூன்றாவது வெற்றிவேற் செழியன் செய்தது. பாண்டிய நாடு மழையின்றி வறுமையுற்று நோயால் வருந்த, அவன் கொற்கையிலிருந்து 1000 பொற்கொல்லரைப் பலியிட்டு விழாவெடுத்தான். மழை பெய்து துன்பம் நீங்கியது என்கிறது உரைபெறு கட்டுரை. விழா மீண்டது, நாடு மீண்டது. ஆனால் ஒரு பொற்கொல்லனின் குற்றத்திற்கு 1000 பேர் கொல்லப்பட்டனர். புதியவன் என்ற வகையால் ஒருவன் கொல்லப்பட்ட பிழைக்குக் கழுவாயாகத் தொழில் என்ற வகையால் ஆயிரவர் கொல்லப்படுகின்றனர். ஆளை ஆராயாது வகையால் தீர்ப்பிடும் அதே முறை தொடர்கிறது. நற்பெயர் மீண்டதெனினும் அது இழக்கப்பட்டதற்கான காரணம் நீங்கவில்லை.

விழாவும் அமைதியும்

நகரப் பாதுகாப்பிற்கு வேறொரு வழியைச் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை காட்டுகிறது. விழாவறை காதையில் 28 நாள் இந்திரவிழாவை அறிவிக்கும் முரசறைவோன் தெருக்களை அணிசெய்யவும் அறவுரை நிகழவும் சொல்வதோடு, பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுமாறு வேண்டுகிறான். பல மொழியினர் கூடும் நாள்களில் நகரின் பாதுகாப்பு காவலரிடம் மட்டும் விடப்படவில்லை. நகரத்தார் அனைவரின் நடத்தையிலும் வைக்கப்படுகிறது. பின்னர் மகனை இழந்த துயரில் நெடுமுடிக்கிள்ளி அவ்விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது அந்நூல். தொன்ம வடிவில் கூறப்பட்டாலும், நகரின் வாழ்வு அது தன் கடமையை நினைவில் வைத்திருப்பதைப் பொறுத்தது என்பதே இதன் கருத்து. புகாரின் ஏற்பாடும் நிலையானதன்று என்பதை உணர்த்துவதால், புகாரை முழு நிறைவாகவும் மதுரையை முழுக் குறையாகவும் கொள்ளும் எளிய முடிவை இது தடுக்கிறது.

முடிவுரை

இக்காலத்தில் பூம்புகாரும் மதுரையும் சுற்றுலா ஊர்கள். பூம்புகாரில் 1973 முதல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் காப்பியக் கதையைச் சிற்பங்களாகக் காட்டி வருகிறது. கடல்கொண்ட நகரையும் எரியுண்ட நகரையும் நாடி மக்கள் வருவதற்குக் காப்பியப் பெயரும் ஒரு காரணம். அக்காப்பியம் நகரப் புகழ் குறித்து எழுப்பிய வினா இன்றும் விடைபெறவில்லை.

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் இவை. மதுரையின் பாதுகாப்புப் புகழ் பாட்டாலும் பயணிகள் பேச்சாலும் உருவானது. கோவலனின் இரவுப் பயணத்தைத் தீர்மானித்தது அதுவே. அப்புகழ் உண்மையானது; ஆனால் அது வழியின் இடர்களையும் நகரத்தார் உடைமையையும் பற்றியது. காவலின் விழிப்பு, புதியவனின் பெயரைக் கேட்கும் முறையோடு சேராதபோது அவனுக்கே இடராகிறது. மதுரைக்காஞ்சியின் காவல் வருணனையைக் கொலைக்களக் காதை தலைகீழாக்குவது இதனை உணர்த்தவே. நகரின் பெயரை மீட்கும் முயற்சிகளிலும் ஆராயாது வகைப்படுத்தும் குறை தொடர்கிறது.

ஒரு நகரம் வருவோர்க்குப் பாதுகாப்பானதா என அறியக் காவலரின் எண்ணிக்கையையும் மதிலின் உயரத்தையும் அளப்பது வழக்கம். சிலப்பதிகாரம் வேறோர் அளவையை முன்வைக்கிறது: அந்நகரில் யாரும் அறியாத ஒருவன்மேல் பழி விழும்போது, வாள் எழுமுன் அவன் ஊரையும் பெயரையும் கேட்பவர் உண்டா என்பதே அது.